பறைத்தோலின் விலையும் வருமான வரியும்: நாட்டுப்புறக் கலைஞர்களின் செலவுக்கு யார் கணக்கு எழுதுவது?

கல்லூரி விழாவொன்றில் பறையிசைக் குழு ஒரு மணி நேரம் ஆடிவிட்டுச் செல்கிறது. விழாக் கணக்கில் அது ஒற்றை வரியாக இடம்பெறுகிறது: பறையாட்டம், 60,000 ரூபாய். தொகை குழுத் தலைவரின் வங்கிக் கணக்கிற்குச் செல்கிறது. அவருடைய பான் எண்ணில் பதிவாகிறது. ஆடியவர்கள் பன்னிரண்டு பேர். வருமான வரித்துறையின் பதிவேட்டிலோ ஒருவரே இருக்கிறார்.

நாட்டுப்புறக் கலைஞர்களில் மிகப் பெரும்பாலோர் வரி கட்டும் அளவிற்கு ஈட்டுவதில்லை; அவர்களுக்கு வரிக் கழிவு எதற்கு என்ற கேள்வி எழலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை தெரியும்.

கையில் நிற்பது எவ்வளவு?

மேற்சொன்ன 60,000 ரூபாயில் உடன் ஆடிய பதினொருவருக்குத் தலா 3,000 வீதம் 33,000 போகிறது என்று கொள்வோம். வேன் வாடகை 9,000, உணவு 3,000, தோல் மாற்றுதல், சலங்கை, உடை, பறை காய்ச்சும் வைக்கோல் ஆகியவற்றிற்கு 3,000. எஞ்சுவது 12,000 ரூபாய். ஆண்டுக்குப் பதினைந்து நிகழ்ச்சிகள் என்றால் பதிவில் தெரியும் வரவு 9 இலட்சம். தலைவரின் உண்மையான வருமானம் 1,80,000 மட்டுமே.

பணம் தரும் நிறுவனம் இதைத் தொழில்முறைக் கட்டணமாகக் கருதினால், ஓராண்டில் அது தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 விழுக்காட்டை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். ஒப்பந்தப் பணியாகக் கருதினால் தனிநபருக்கு 1 விழுக்காடு. பான் எண் இல்லையெனில் 20 விழுக்காடு. இப்பிடித்தம் செலவைப் பார்ப்பதில்லை. மொத்தத் தொகையின்மீதே விழுகிறது. 60,000 ரூபாயில் 10 விழுக்காடு 6,000. அது தலைவரின் உண்மை வருமானத்தில் சரிபாதி. வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் இத்தொகை திரும்பக் கிடைக்கும். செய்யாதவரின் பணம் அரசிடமே தங்கிவிடும்.

இழப்பு அதோடு முடிவதில்லை. 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையின்கீழ் 12 இலட்சம் ரூபாய் வருமானம் வரை வரி இல்லை. ஆகவே செலவைக் காட்டாமல் 9 இலட்சத்தையும் வருமானமாகக் காட்டினாலும் வரி விழாது. ஆனால் அக்குடும்பம் ஆண்டுக்கு 9 இலட்சம் ஈட்டுவதாக ஓர் அரசு ஆவணம் உருவாகிவிடும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்குப் பெற்றோரின் வருமான வரம்பு 2.5 இலட்சம். தகப்பனின் பறைக்குழு வரவு, மகளின் கல்வி உதவித்தொகையைக் கேள்விக்குள்ளாக்கும் நிலை இவ்வாறுதான் உருவாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், பிரிவு 37(1)இல், தொழிலுக்காக மட்டுமே முழுமையாகச் செய்யப்பட்ட செலவைக் கழித்துக்கொள்ள அனுமதித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியுள்ளன, கோட்பாடு மாறவில்லை. சக கலைஞரின் ஊதியம், பயணம், கருவிப் பழுது, மேடை உடை ஆகியவை இதில் அடங்கும். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தாலும் இவ்வுரிமை பறிபோவதில்லை. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அச்செலவு ஏற்கப்படாது. மூவாயிரம் ரூபாய் ஊதியத்திற்கு அத்தடை இல்லை. வாங்கியவர் கையொப்பமிட்ட சீட்டு இருந்தால் போதிய சான்றாகும்.

ஆனால் எல்லாக் கலைஞர்களும் சீட்டுச் சேர்க்க வேண்டியதில்லை. மருத்துவர், வழக்கறிஞர் உள்ளிட்ட சில தொழிலினர், ஆண்டு வரவு 50 இலட்சத்திற்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். மறுபாதி இரசீது கேட்கப்படாமலே செலவாக ஏற்கப்படுகிறது. அப்பட்டியலில் திரைப்படக் கலைஞர்கள் இருக்கிறார்கள்: நடிகர், பாடகர், நடன இயக்குநர், உடை வடிவமைப்பாளர் வரை. பறையிசைக் கலைஞரும் தெருக்கூத்துக் கலைஞரும் அதில் இல்லை. திரைப்படப் பாடகரிடம் கேட்கப்படாத இரசீது, வைக்கோல் வாங்கிய பறைக் கலைஞரிடம் கேட்கப்படுகிறது. வைக்கோல் விற்பவர் எந்த ஊரில் இரசீது தருகிறார்?

இந்தப் புறக்கணிப்பிற்கு ஒரு வரலாறு உண்டு. சாவு வீட்டில் பறையடிப்பது தொழிலாக அன்றி, சாதியின் கடமையாகத் திணிக்கப்பட்டது. கடமைக்குக் கூலி கிடையாது. கூலி இல்லாத இடத்தில் செலவுக் கணக்கும் கிடையாது. அந்த இழிவை மறுத்துப் பறையைக் கலையாக மீட்டெடுத்த போராட்டத்தின் நீட்சியாகவே மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதைக் காண வேண்டும். விருது வழங்கும் அரசு, வரிச் சட்டத்தின் தொழிற்பட்டியலில் அக்கலைக்கு இன்னும் இடம் தரவில்லை.

செய்ய வேண்டியவை

பட்டியலில் புதிய தொழிலைச் சேர்க்கச் சட்டத்திருத்தம் தேவையில்லை. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அறிவிக்கை போதும். எனினும் பட்டியலில் சேர்ந்தால் 10 விழுக்காட்டுப் பிடித்தமும் உறுதியாகிவிடும். எனவே நாட்டுப்புறக் கலைஞர்களுக்குப் பிடித்த விகிதத்தைக் குறைக்கும் கோரிக்கையும் உடன் செல்ல வேண்டும்.

சலுகை கிடைத்தபின் அதைக் கண்காணிப்பதும் தேவை. அமெரிக்காவில் 1986இல் நிகழ்த்துகலைஞர்களுக்குத் தொழிற்செலவுக் கழிவு வழங்கப்பட்டது. வருமானம் 16,000 டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விலைவாசி பன்மடங்கு உயர்ந்தும் அவ்வரம்பு மாறாததால், சட்டத்தில் இருக்கும் உரிமை மிகச் சிலருக்கே பயன்படுகிறது. இங்கும் நாட்டுப்புற, செவ்வியல் நிகழ்ச்சிகளுக்கான ஜி.எஸ்.டி. விலக்கு, கட்டணம் 1.5 இலட்சத்திற்குள் இருந்தால் மட்டுமே என்ற 2017இன் வரம்போடு நிற்கிறது.

அதுவரை, கலைக்குழுக்களை அழைக்கும் மாணவர் அமைப்புகளும் இயக்கங்களும் சிலவற்றை உடனே செய்யலாம். ஊதியத்தை ஒவ்வொரு கலைஞரின் கணக்கிலும் தனித்தனியே செலுத்தலாம். வேன் வாடகையை நேரடியாக ஓட்டுநருக்கே தரலாம். அது இயலாதபோது பன்னிருவரின் பெயரும் பங்கும் எழுதிக் கையொப்பமிட்ட தாளைக் குழுத் தலைவரிடம் ஒப்படைக்கலாம். பிடித்தம் செய்திருந்தால் அதற்கான சான்றிதழைக் கேட்காமலே அனுப்பிவைக்க வேண்டும். மேடையில் பன்னிரண்டு பேர் ஆடினார்கள் என்றால், கணக்கிலும் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும்.