பக்கவாதம் தாக்கினால் மூளைக்குள் என்ன நடக்கிறது?



தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கு இது தெரியும். உளி ஆழமாக இறங்கிவிட்டால் மரம் அந்தக் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அங்கே பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; பிறகு அந்த இடத்தில் வெட்டுவது சிரமம். நம் மூளையும் காயம் பட்டால் ஏறக்குறைய இப்படித்தான் தன்னைக் காத்துக்கொள்கிறது.

மூளையின் துணை உயிரணுக்கள்

மூளையில் சுமார் 86 பில்லியன் நரம்பு உயிரணுக்கள் உள்ளன. ஏறக்குறைய அதே அளவில் துணை உயிரணுக்களும் உள்ளன. 1856-இல் ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ச்சோ இவற்றை ஒட்டுப்பசை போன்றவை என்றே எண்ணினார். உண்மையில் இவற்றுக்கு வேலை அதிகம்:

• நட்சத்திர வடிவ உயிரணுக்கள், இரத்தக் குழாயிலிருந்து நரம்புகளுக்கு ஊட்டம் சேர்க்கின்றன.
• காவல் உயிரணுக்கள், கிருமிகளையும் இறந்த உயிரணுக்களையும் அகற்றுகின்றன.
• உறை உயிரணுக்கள், மின்கம்பியின் மேலுறை போல நரம்பு இழைகளைச் சுற்றிக் காக்கின்றன.

பக்கவாதத்தின்போது

மூளையின் பெரிய இரத்தக் குழாய் அடைபட்டால், நிமிடத்திற்குச் சராசரியாக 1.9 மில்லியன் நரம்பு உயிரணுக்கள் மடிகின்றன. காவல் உயிரணுக்கள் உடனே விழித்து, துப்புரவு வேலையைத் தொடங்குகின்றன. ஆனால் அவை அளவு மீறினால், அருகிலுள்ள நல்ல உயிரணுக்களும் கெடும். அடுத்த சில நாள்களில் நட்சத்திர உயிரணுக்கள் காயத்தைச் சுற்றித் தழும்புச் சுவர் எழுப்புகின்றன. பாதிப்பு பரவாமல் அது தடுக்கும். இறந்த நரம்புகளை மீட்டுத் தராது. அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

காத்திருக்காதீர்கள்

• வாய் ஒரு பக்கம் கோணுதல்
• ஒரு கை அல்லது கால் திடீரெனத் தளர்தல்
• பேச்சு குழறுதல்

இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே 999-ஐ அழையுங்கள். “காற்று பட்டிருக்கும், எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம்” என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, தகுதியுள்ள நோயாளிக்குப் பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் கொடுத்தாக வேண்டும். அறிகுறி தானே மறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிறகும் நம்பிக்கை உண்டு

மிஞ்சியுள்ள நரம்புகள் இழந்த வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும். அதற்குப் பயிற்சி வேண்டும். ஆகவே பிசியோதெராபியைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

வருமுன் காக்க

இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர் மாத்திரைகளை, உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் நிறுத்தாதீர்கள். புகைப்பதை விடுங்கள். உப்பைக் குறையுங்கள். அடுத்த முறை சுங்கை பெசார் டவுனுக்குப் போகும்போது, அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் இரத்த அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் இந்த மூன்று அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள். உங்களுக்காக 999-ஐ அழைக்கப்போவது அவர்களாக இருக்கலாம்.