எய்ட்ஸ் கிருமிக்குக் கதவைத் திறப்பது யார்?

‘கொசு கடித்தால் எச்.ஐ.வி. வராது என்கிறீர்களே, ஏன் சார் வராது?’ என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான். அந்தக் கிருமி செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்று தெரிந்துகொண்டால் பதில் கிடைத்துவிடும்.

எச்.ஐ.வி. தனியாக இருந்து பெருகாது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் அதற்கு வாழ்வு. அதுவும் எல்லாச் செல்லுக்குள்ளும் போய்விட முடியாது. நமக்குக் காவலாக இருக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகையின் மேல் ‘சி.டி.4’ என்ற புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். கிருமியின் மேலுள்ள ‘ஜி.பி.120’ அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே கதவு திறந்துவிடுமா? திறக்காது! பக்கத்திலேயே இரண்டாவது தாழ்ப்பாள் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது ‘சி.சி.ஆர்.5’ என்ற புரதம். அதையும் பிடித்த பிறகுதான் ‘ஜி.பி.41’ தூண்டில் முள் மாதிரி செல்லின் சவ்வில் குத்தி இழுக்கும். இரண்டு சவ்வும் ஒன்றாகி, கிருமியின் சரக்கு உள்ளே இறங்கிவிடும்.

கொசுவின் செல்லில் இந்த சி.டி.4 கிடையாது. அதன் வயிற்றில் போன கிருமி செரித்துப் போகும், அவ்வளவுதான்.

வட ஐரோப்பிய வம்சத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்குப் பிறவியிலேயே அந்த இரண்டாவது தாழ்ப்பாள் இல்லை. பெரும்பாலான எச்.ஐ.வி. வகைகள் அவர்களிடம் தோற்றுப்போகும். எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் வந்த திமோதி ரே பிரவுன் என்ற அமெரிக்கருக்கு, 2007-ல் பெர்லினில் அப்படிப்பட்ட ஒருவரின் ஸ்டெம் செல்லைச் செலுத்தினார்கள். எச்.ஐ.வி. ஒழிந்தது. 2020-ல் அவர் இறந்தது, திரும்பி வந்த புற்றுநோயால். ஆனால் உயிரோடு விளையாடுகிற சிகிச்சை அது. எல்லோருக்கும் செய்கிற காரியமல்ல.

தாழ்ப்பாளை மறைக்க மாரவிராக் மாத்திரையும், ஜி.பி.41-ஐக் கட்டிப்போட என்ஃபுவிர்டைட் ஊசியும் வந்தன. நம் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகத் தரும் வழக்கமான மாத்திரை வேறு வழி. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த அது, உள்ளே போன கிருமியைப் பெருக விடாது. தினமும் சாப்பிட்டு, கிருமி சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே இருந்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் குத்திவிட்டாலும், 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்து 28 நாள் சாப்பிட்டால் தொற்றைத் தடுக்க முடியும்.

சரி, சித்த மருந்து இந்தக் கதவை அடைக்குமா? அடைக்கும் என்று எந்த மருந்துக்கும் நிரூபணம் இல்லை. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையில் 1990-களில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது ஏ.ஆர்.டி. ஏழைக்கு எட்டாத விலை. இன்று நிலைமை அப்படியா? ‘மூன்றே மாதத்தில் எய்ட்ஸ் குணம்’ என்று விளம்பரம் செய்வது சட்டப்படியே குற்றம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால், செல்லுக்குள் பதுங்கியிருக்கிற கிருமி சில வாரங்களிலேயே தலைதூக்கும்.

இன்னொன்று. சங்கு பற்பத்தில் இருப்பது சுண்ணாம்புச் சத்து, அயச்செந்தூரத்தில் இரும்பு. இந்த இரண்டு சத்தும் டோலுடெக்ராவிர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அதனால் ஏ.ஆர்.டி. சாப்பிடுகிறவர்கள் எங்களிடம் வந்தால் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்ன சூரணம் சாப்பிடுகிறீர்கள் என்பதை ஏ.ஆர்.டி. டாக்டரிடமும் சொல்லுங்கள்.