பாறைக்கும் ஞாபகம் இருக்கு: எட்னா எரிமலையின் கதை

எரிமலை உச்சியில ஜிபிஎஸ் கருவி வச்சு மலை எவ்வளவு உப்புதுன்னு அளக்கறாங்க, சரி. உள்ள மாக்மா எவ்வளவு அழுத்தத்துல இருக்குன்னு எப்படிச் சொல்றாங்க? இன்னிக்கு எபிசோடு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

1958-இல் கியோ மோகி என்ற ஜப்பானிய ஆய்வாளர் இதுக்கு ஒரு எளிய மாடல் கொடுத்தார். தரை எவ்வளவு உயர்ந்தது என்ற அளவோடு, பாறை எவ்வளவு விறைப்பானது என்பதையும் உள்ளே கொடுத்தால் அழுத்தம் வெளியே வரும். அந்த விறைப்புக்கான எண்ணைத்தான் நாம யங் குணகம்னு படிச்சோம். ஸ்டீலுக்கு சுமார் 200 ஜிகாபாஸ்கல். காலேஜ் லேப்ல கம்பியை இழுத்து கிராஃப் போட்டு, வைவாவுல ஒப்பிச்சுட்டு மறந்தாச்சு. அது ஒரு கான்ஸ்டன்ட், கோடுல ஹார்ட்கோட் பண்ணிடலாம்னுதான் நானும் நினைச்சிருந்தேன். எரிமலைப் பாறைகிட்ட அது செல்லாது.

எட்னாவை எடுத்துக்குவோம். இத்தாலியின் சிசிலித் தீவில், 3,300 மீட்டருக்கு மேல் உயரம். அடிவாரத்தில் கத்தானியா நகரம். 1669-இல் லாவா அந்த நகரத்து மதில் வரைக்கும் வந்திருக்கு. அதனால கணக்கு தப்பினா அது வெறும் பேப்பர்ல இருக்கற தப்பு இல்லை.

எட்னாவின் பசால்ட் பாறை பார்க்க கெட்டியா இருக்கும். ஆனா உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் ஏராளம். ஒலி அலையை அனுப்பிப் பார்த்தா நொடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வேகத்துலதான் போகுது. விரிசல் குறைவான ஐஸ்லாந்து பசால்ட் ஒன்றில் அதே அலை 5 கிலோமீட்டரைத் தாண்டுது. ரெண்டுமே பசால்ட்தான்!

இப்போ எல்லாப் பக்கமும் அழுத்துங்க. பழைய பேப்பர் கடையில கட்டு கட்டறப்போ பார்த்திருப்பீங்க: முதல்ல மெத்துனு அமுங்கும், நடுவுல இருக்கற காத்து போனதும் கல்லு மாதிரி ஆகிடும். பாறையிலும் விரிசல்கள் மூடிக்கும், விறைப்பு ஏறும், அலை வேகமும் ஏறும். ஆக ஒரே பாறை, தரைமட்டத்தில் ஒரு மாதிரி, மூணு கிலோமீட்டர் ஆழத்தில் வேற மாதிரி.

இதுவரைக்கும் பரவாயில்லை. ஒரே திசையில, மேலிருந்து கீழா, விட்டு விட்டு அழுத்தும்போதுதான் கதை மாறுது. ஒவ்வொரு சுற்றிலும் முந்தினதைவிடக் கொஞ்சம் கூடுதல் சுமை. அழுத்தும் திசைக்கு இணையா புது விரிசல்கள் திறக்கும். எட்னா பசால்ட்டில் இந்தச் சோதனையைச் செய்தபோது யங் குணகம் சுமார் 30 சதவீதம் இறங்கியது. பாய்சான் விகிதம், அதாவது அழுத்தினா பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும்கிற அளவு, கிட்டத்தட்ட மூணு மடங்கானது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்: அந்தச் சோதனையில பாறை உடையற சத்தத்தை சென்சார் வச்சுக் கேட்பாங்க. ஏற்கனவே தாங்கின சுமை வரைக்கும் பாறை பெருசா சத்தம் போடாது. பழைய உச்சத்தைத் தாண்டின உடனே படபடன்னு தொடங்கும். 1950-இல் ஜோசஃப் கைசர் உலோகங்களில் கவனித்ததால இதுக்கு கைசர் விளைவுன்னு பேர். எவ்வளவு வாங்கியிருக்கோம்னு பாறை கணக்கு வச்சிருக்கு. நம்ம பாஷைல சொன்னா, இது கான்ஸ்டன்ட் இல்லை. ஹிஸ்டரியைச் சேமிச்சு வச்சிருக்கற ஒரு ஸ்டேட்.

சரி, மோகி மாடலுக்குத் திரும்புவோம். எட்னாவுக்குள்ள மாக்மா ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். லேப்ல செஞ்ச அதே அழுத்தல், இங்க ஆயிரக்கணக்கான வருஷமா. பாறை தளர்ந்துபோன பிறகு கொஞ்சம் அழுத்தம் வந்தாலே தரை நிறைய உப்பும். நாம பழைய, விறைப்பான எண்ணையே போட்டா, உள்ளே இருக்கறதைவிட அதிக அழுத்தம் இருக்கறதா கணக்கு சொல்லும். இன்னொரு பக்கம், தளர்ந்த பாறை உடையவும் குறைஞ்ச அழுத்தமே போதும். அதாவது கணக்குல ரெண்டு இடத்துலயும் நம்பர் நகருது.

போதாக்குறைக்கு, லேப்ல வைக்கற பாறைத்துண்டு உள்ளங்கை அளவு. மலையிலயோ ஆள் நுழையற பிளவுகளே இருக்கு, அதனால மலை மொத்தமா பார்த்தா துண்டைவிடத் தளர்ந்தது. அதுக்காகத்தான் நில அதிர்வு அலைகள் மலைக்குள்ள எந்த இடத்துல மெதுவாகுதுன்னு பார்த்து, இடத்துக்கு இடம் வேற விறைப்பு போட்டு மாடல் ஓட்டறாங்க. கம்ப்யூட்டருக்கு வேலை பெண்டு நிமிருது, அது நம்ம ஏரியா. அதைப் பத்தி அடுத்த எபிசோடுல பேசலாம்.