இணைப்பு இல்லாத டேப்லெட்டில் வீடியோ

இணையப் பக்கத்தின் நடுவே ஓடும் வீடியோ பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குள் இருப்பதில்லை. வேறொரு சர்வரில் இருக்கும் வீடியோவின் முகவரி மட்டுமே பக்கத்தில் இருக்கும். பிரவுசர் அங்கிருந்து வாங்கிக் காட்டுகிறது. பக்கத்தை டேப்லெட்டில் சேமித்து, சிக்னல் இல்லாத இடத்தில் திறந்தால் எழுத்தும் படங்களும் வந்துவிடும், வீடியோ வராது.

வீடியோ எந்த வடிவில் வருகிறது என்பதே முதலில் பார்க்கவேண்டியது. எம்பி4 போன்ற ஒற்றைக் கோப்பு என்றால் சிரமமில்லை. தளம் அனுமதித்தால் ஆண்ட்ராய்டு குரோமில் வீடியோவின் ஓரத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டுப் பதிவிறக்கலாம். ஐபேடில் 2019 முதல் சஃபாரியே கோப்புகளைப் பதிவிறக்குகிறது. நொடிக்கு 1 மெகாபிட் அளவில் பதிவான 10 நிமிடப் பாடம் ஏறத்தாழ 75 எம்.பி. இடம் பிடிக்கும்.

பெரிய தளங்கள் ஒற்றைக் கோப்பாகத் தருவதில்லை. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையில் வீடியோ சில நொடித் துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. இணைய வேகம் குறைந்தால் குறைந்த தரத் துண்டு, கூடினால் நல்ல தரத் துண்டு என்று பிளேயர் மாற்றி மாற்றி எடுக்கும். பக்கத்தோடு சேமிக்கக் கிடைப்பது துண்டுகளின் பட்டியல்தான். கட்டணத் தளங்களில் துண்டுகள் பூட்டப்பட்டும் இருக்கும்; சாவி தளத்திடம் இருப்பதால் நகலெடுத்தும் பயனில்லை. அவற்றுக்குச் செயலியின் பதிவிறக்க வசதியே நேரான வழி. இந்தியாவில் யூடியூப் 2014 டிசம்பரில் தன் செயலியில் இதைத் தந்தது.

பக்கத்தை உருவாக்குபவர் மனம்வைத்தால், இணைப்பில்லாமல் வீடியோ காட்டுவது பிரவுசரிலேயே முடியும். சர்வீஸ் ஒர்க்கர் என்ற சிறு நிரல் பக்கத்துக்கும் இணையத்துக்கும் இடையே நின்று, முன்பே எடுத்துவைத்த கோப்பைக் கொடுக்கும். குரோமில் 2015இலும், ஐபேட் சஃபாரியில் 2018இலும் இது வந்தது. இங்கே பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. சஃபாரி வீடியோவை மொத்தமாகக் கேட்காது. இந்த பைட்டிலிருந்து அந்த பைட் வரை என்று பகுதி பகுதியாகக் கேட்கும். நிரல் முழுக் கோப்பையும் நீட்டினால் வீடியோ ஓடாது. கேட்ட பகுதியை மட்டும் வெட்டித் தர வேண்டும். இன்னொன்றும் கவனிக்கவேண்டியது: ஒரு தளத்தைத் தொடாமலே 7 நாள் சஃபாரியைப் பயன்படுத்தினால், அந்தத் தளம் இப்படிச் சேமித்ததை சஃபாரி அழித்துவிடும். 2020இல் வந்த இந்தக் கட்டுப்பாடு, முகப்புத் திரையில் சேர்த்த தளங்களைப் பாதிப்பதில்லை. மாணவர்களுக்குப் பாடம் தயாரிப்பவர்கள் அப்படிச் சேர்க்கும் முறையை முதல் நாளே சொல்லிக்கொடுப்பது நல்லது.

வகுப்பு முழுவதற்கும் வேண்டுமென்றால் ஒவ்வொரு டேப்லெட்டிலும் சேமிப்பது வீண்வேலை. லேர்னிங் ஈக்வாலிட்டி அமைப்பின் இலவச மென்பொருளான கோலிப்ரியைப் பள்ளிக் கணினி ஒன்றில் நிறுவி, கான் அகாடமி போன்றவற்றின் பாடங்களை ஒருமுறை இறக்கிவைத்தால் போதும். பிறகு வைஃபை வட்டத்துக்குள் இருக்கும் டேப்லெட்டுகள், வெளி இணையம் இல்லாமலே, தங்கள் பிரவுசரில் அந்தக் கணினியைத் திறந்து வீடியோவைக் காட்டும்.