பர்ச்சேஸ் படிக்கலாமா?

எங்கள் தெருக்காரர் ஒருவர், பி.காம். முடித்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெங்களூர் காக்ஸ் டவுனில் சாயங்கால டீ நேரத்தில் இப்படி யோசனை கேட்க வருகிறவர்கள் உண்டு. "புரொக்யூர்மென்ட் மேனேஜ்மென்ட்ல மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன் அங்கிள். பொருள் வாங்குறதுக்கு எதுக்கு ரெண்டு வருஷப் படிப்புன்னு அப்பா கேக்கிறார்" என்றாள். அப்பாவின் கேள்வி நியாயமானதுதான். அவளுக்குச் சொன்ன பதிலை இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே யோசனையில் வேறு பிள்ளைகளும் இருப்பார்கள்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போர்வெல் மோட்டார் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கொட்டேஷன் வருகிறது. ஒன்று 60,000 ரூபாய், இன்னொன்று 75,000. கமிட்டி கூடி, குறைந்த விலைக்குக் கை தூக்கிவிட்டு எழுந்துவிடும். ஆனால் அந்தக் குறைந்த விலை மோட்டார் மணிக்கு ஒரு யூனிட் மின்சாரம் கூடுதலாக இழுக்கிறது என்றால்? ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 1,825 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 14,600 ரூபாய். மிச்சம் பிடித்த 15,000 ஏறக்குறைய ஒரே வருடத்தில் மின் கட்டணமாகப் போய்விடும். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு வருடமும் நஷ்டம். அந்த 60,000த்தில் ஜிஎஸ்டி சேர்ந்ததா? கேபிள் யார் போடுவது? மோட்டார் எரிந்துபோனால் குழாயோடு மேலே தூக்கும் கூலி யார் தலையில்? கொட்டேஷன் கேட்கும் கடிதத்திலேயே இவற்றை எழுதியிருந்தால் பதில் வந்திருக்கும். ஆர்டர் கொடுத்த பிறகு கேட்டால் சண்டைதான் வரும்.

இந்தப் படிப்பின் உயிர் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. நமக்கு என்ன வேண்டும் என்று பிறர் தவறாகப் புரிந்துகொள்ள முடியாதபடி எழுதுவது, வாங்கும் விலையோடு ஓட்டும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது, ஒப்பந்தம் போடுவது, வந்த பொருளைச் சோதிப்பது, கடைசியில் பழையதைக் கழித்துக்கட்டுவது வரை எல்லாம் இதற்குள் அடங்கும்.

பெங்களூரில் முந்தின தலைமுறை இதைக் கல்லூரியில் படிக்கவில்லை. எச்ஏஎல், ஐடிஐ, பிஇஎல் என்று பொதுத்துறை நிறுவனங்களில் வேலைக்குப் போனவர்கள் பர்ச்சேஸ் பிரிவு மேஜையிலேயே கற்றுக்கொண்டார்கள். இன்ன பொருள் வேண்டும் என்று இண்டென்ட் வரும், மூன்று கொட்டேஷன் வாங்குவார்கள், ஒப்பீட்டுப் பட்டியல் போடுவார்கள், எல்-1, அதாவது குறைந்த விலை சொன்னவர் யாரோ அவருக்கு ஆர்டர். போல்ட்டுக்கும் நட்டுக்கும் அது போதும். பெரிய கொள்முதலுக்குப் போதாது என்பதற்கு நம் ஊர் விமானமே சாட்சி. 2021 பிப்ரவரியில் ஏரோ இந்தியா கண்காட்சியின்போது, 83 தேஜஸ் விமானங்களுக்கு எச்ஏஎல்லோடு சுமார் 48,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. அதே வருடம் ஆகஸ்டில், அந்த விமானங்களில் பொருத்தும் 99 எஃப்-404 எஞ்சின்களுக்கு அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்துக்கு 71.6 கோடி டாலர் ஆர்டர் போனது. முந்தைய ஆர்டர் முடிந்து மூடிக்கிடந்த உற்பத்தி வரிசையை அந்த நிறுவனம் மறுபடி திறக்க வேண்டியிருந்தது. உதிரிபாகம் தருகிறவர்களை மறுபடி திரட்ட வேண்டியிருந்தது. 2024ல் வரவேண்டிய முதல் எஞ்சின் 2025 மார்ச்சில்தான் கிளம்பியது. ஒரே ஒரு சப்ளையரை நம்பும்போது அவருடைய தொழிற்சாலை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதும், அடுத்த ஆர்டர் எப்போது என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதும் கொள்முதலின் பகுதிதான்.

நன்றாக நடந்ததற்கு உதாரணம் கேட்டால் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்தைத்தான் நான் முதலில் சொல்வேன். 1994 ஜூலையில் பதிவாகி 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. அதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் மருந்து இருக்காது, இன்னொன்றில் காலாவதியாகிக் கிடக்கும். கழகம் அத்தியாவசிய மருந்துகளுக்குப் பட்டியல் போட்டு, மொத்தமாக டெண்டர் விட்டது. தொழில்நுட்பத் தகுதிக்கு ஒரு கவர், விலைக்கு ஒரு கவர். முதல் கவரில் தேறினால்தான் இரண்டாவதைப் பிரிப்பார்கள். மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் நேராக மருத்துவமனைக்குப் போகாது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று ஆய்வகத்துக்குத் தெரியாதபடி மறைத்து, குறியீட்டு எண்ணோடு அனுப்புவார்கள். தேறிய பிறகே விநியோகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் அதன் ஒதுக்கீட்டுத் தொகை பதிவாகியிருக்கும். மருந்து எடுக்க எடுக்கக் கழியும். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை அந்தந்த மருத்துவமனையே முடிவு செய்யலாம். கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் இந்த ஏற்பாட்டைப் பின்பற்றின.

கம்பெனி பெயரை மறைத்துச் செய்யும் அந்தச் சோதனை ஏன் முக்கியம்? 2024 நவம்பரில் பல்லாரி மாவட்ட மருத்துவமனையில், சிசேரியன் ஆன தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களுக்கு ஏற்றிய ரிங்கர் லாக்டேட் திரவத்தின் மீது சந்தேகம் விழுந்தது. கர்நாடக அரசு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியை இடைநீக்கம் செய்தது. பர்ச்சேஸ் என்றால் கமிஷன் சமாச்சாரம் என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள் பல்லாரியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டமும் கட்டாயம் படிக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைக்குத் தமிழ்நாடு 1998லேயே சட்டம் செய்தது, கர்நாடகம் 1999ல். மத்தியில் 2012ல் மக்களவைக்கு வந்த பொதுக் கொள்முதல் மசோதா 2014ல் அவை கலைந்ததோடு காலாவதியானது. அதனால் மத்திய அரசுத் துறைகள் 2017ஆம் வருடத்துப் பொது நிதி விதிகளை வைத்தும், 2016ல் தொடங்கிய ஜெம் இணையச் சந்தை வழியாகவும் வாங்குகின்றன. 2021 அக்டோபரில் நிதி அமைச்சகம் ஒரு நல்ல மாற்றம் கொண்டுவந்தது. தரம் முக்கியமான சில பணிகளுக்கு, விலை தவிர்த்த தகுதிகளுக்கு 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுக்கலாம். எல்-1 பிடியிலிருந்து ஒரு விடுதலை என்று நான் நினைக்கிறேன். அதே சமயம், வேண்டியவருக்குச் சாதகமாக மதிப்பெண் அட்டவணையை வளைக்கவும் அங்கேதான் வழி இருக்கிறது. அட்டவணையை நேர்மையாக எழுதத் தெரிந்த ஆள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

எங்கே படிப்பது? இந்திய மெட்டீரியல்ஸ் மேனேஜ்மென்ட் கழகத்துக்குப் பெங்களூரிலேயே கிளை இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே முதுநிலை டிப்ளமோ முடிக்கலாம். பிரிட்டனின் கொள்முதல் தொழில் அமைப்பான சிப்ஸ் தரும் தகுதிச் சான்றுக்குப் பன்னாட்டுக் கம்பெனிகளில் மதிப்பு உண்டு. சப்ளை செயினைச் சிறப்புப் பாடமாக எடுத்து எம்பிஏ படிப்பது மூன்றாவது வழி.

அமெரிக்காவில் புரொக்யூர்மென்ட் அண்ட் அக்விசிஷன்ஸ் என்ற பெயரிலேயே முதுகலைப் படிப்பு இருக்கிறது. கடன் வாங்கிப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்கவும். அங்கே இந்தப் படிப்பு பெரும்பாலும் அமெரிக்க மத்திய அரசின் கொள்முதல் விதித்தொகுப்பான ஃபார் என்பதைச் சுற்றிக் கட்டப்பட்டது. 1984லிருந்து நடைமுறையில் உள்ளது அது. அந்த நாட்டு மத்திய அரசு வேலைகளோ பெரும்பாலும் குடிமக்களுக்கே. பேரம் பேசும் முறை, செலவைப் பிரித்துப் பார்ப்பது, ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை ஆகியவை எங்கே போனாலும் கூட வரும். ஃபார் விதி எண்கள் இங்கே சோறு போடாது.

அந்தப் பெண்ணிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன், உங்களிடமும் அதையே கேட்கிறேன். ஃபீஸ் கட்டும் முன் கல்லூரியில் விசாரியுங்கள்: மாணவர்கள் கையால் ஒரு முழு டெண்டர் ஆவணம் எழுத வைக்கிறார்களா, வந்த ஒப்பந்தப்புள்ளிகளை மதிப்பிட வைக்கிறார்களா? இல்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.