எல்லைக்கோடு இனி எங்கே?

மதுரை கே.கே. நகரில் வசிக்கும் ஒருவருக்குப் போர் என்பது பெரும்பாலும் தொலைக்காட்சியில் காணும் செய்திதான். காஷ்மீர் எல்லைக்கும் இந்நகருக்கும் இடையே ஏறத்தாழ முழு இந்தியாவும் இருக்கிறது. 2025 மே 7 அன்று 'ஆபரேஷன் சிந்தூர்' நடவடிக்கை தொடங்கிய நாளில், நாடெங்கும் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகைகள் நடைபெற்றன. தமிழகத்தில் அதற்கான பட்டியலில் சென்னையும் கல்பாக்கமும் இடம்பெற்றன, மதுரை இடம்பெறவில்லை. துறைமுகமும் அணுமின் நிலையமும் குறிவைக்கப்படலாம், உள்நாட்டு நகரங்களுக்கு அந்த அளவுக்கு ஆபத்தில்லை என்பது பழைய போர்களின் கணக்கு. அந்தக் கணக்கு இன்றும் சரிதானா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

தமிழ் மண்ணுக்குப் போர் முற்றிலும் புதிதல்ல. முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவில், 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கரையை நெருங்கிக் குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. தாக்குதல் சில நிமிடங்களே நீடித்தது. ஆனால், அது கிளப்பிய பீதி பல நாள்கள் நீடித்தது. மக்கள் நகரைவிட்டே வெளியேறினர். தந்திரமும் துணிச்சலும் மிக்கவரை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கம் தமிழில் அப்படித்தான் வந்தது. எனினும், அந்த எதிரிக்கு ஓர் உருவம் இருந்தது. கொடி இருந்தது, கப்பல் இருந்தது, தலைவன் யார் என்பதும் தெரிந்திருந்தது.

105 ஆண்டுகள் கழித்துத் தமிழகத்துக்கு வந்த இன்னொரு 'எம்டனு'க்கு இவை எதுவுமே இல்லை. மதுரைக்குத் தெற்கே சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கிறது கூடங்குளம் அணுமின் நிலையம். அதன் முதல் இரு அலகுகள் தலா 1,000 மெகாவாட் திறன் கொண்டவை. அவற்றின் மின்சாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு தமிழகத்துக்கு உரியது. 2019 அக்டோபர் இறுதியில், அந்த நிலையத்தின் கணினியில் தீநிரல் ஊடுருவியிருப்பதாகச் சமூக ஊடகங்களில் தகவல் பரவியது. அக்டோபர் 29 அன்று அது பொய்ச் செய்தி என்று நிலையத் தரப்பில் மறுப்பு வெளியிடப்பட்டது. மறுநாளே, தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்' செப்டம்பர் 4-ஆம் தேதியே இதுகுறித்துத் தெரிவித்திருந்ததும் அப்போதுதான் வெளிவந்தது.

பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்காக இணையத்துடன் இணைக்கப்பட்டிருந்த ஒரு கணினி மட்டுமே. அணு உலையை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்திலிருந்து முற்றிலும் விலக்கி வைக்கப்பட்டது. அது பாதிக்கப்படவில்லை என்றும் அணுமின் கழகம் விளக்கியது. இது ஆறுதலான செய்தி. ஆனால், 'இணையத்தோடு தொடர்பில்லை' என்பது மட்டுமே முழுக்காப்பு ஆகிவிடாது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த 'ஸ்டக்ஸ்நெட்' என்ற தீநிரல், ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் மையத்தில் இயந்திரங்களைப் பழுதாக்கியது. அந்த மையமும் வெளி இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த ஒன்றுதான். கணினியில் செருகப்படும் ஒரு சிறு பென் டிரைவ்கூட அத்தகைய நிரலுக்குப் பாலமாக அமைந்துவிடக் கூடும்.

போரின் இயல்பு மூன்று வகைகளில் மாறியிருக்கிறது. முதலாவது, தொலைவு பொருளற்றுப் போய்விட்டது. இரண்டாவது, தாக்கியவர் ஓர் அரசா, கூலிக்குழுவா, குற்றக்கும்பலா என்பதை உறுதிசெய்வது கடினமாகிவிட்டது. யாரென்று தெரியாத எதிரிக்கு எப்படிப் பதிலடி கொடுப்பது? மூன்றாவது, போர்க்காலம், அமைதிக்காலம் என்ற பிரிவினை மங்கிவிட்டது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிச் சேவையகங்கள் முடக்கப்பட்டபோது எந்தப் போரும் நடக்கவில்லை. ஆயினும், நாட்டின் முதன்மை மருத்துவமனை பல நாள்கள் காகிதத்தையும் பேனாவையும் கொண்டு இயங்க நேரிட்டது.

ஆயுதங்களின் பொருளாதாரமும் மாறிவிட்டது. 2025 மே 8 இரவில், 36 இடங்களைக் குறிவைத்து 300 முதல் 400 வரையிலான டிரோன்களைப் பாகிஸ்தான் அனுப்பியதாக அரசு தெரிவித்தது. மலிவான டிரோனை விலையுயர்ந்த ஏவுகணையால் வீழ்த்திக்கொண்டே இருந்தால், வெல்பவரின் கருவூலமே முதலில் காலியாகும்.

இந்தியா கைகட்டி நிற்கவில்லை. முப்படைகளையும் ஒருங்கிணைக்கும் முப்படைத் தலைமைத் தளபதி பதவி 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம், பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கவல்ல சுகோய் போர் விமானப் படைப்பிரிவு தஞ்சாவூரில் நிலைநிறுத்தப்பட்டது. இந்தியப் பெருங்கடல் மீதான கண்காணிப்பில் தெற்குக்கும் இடமுண்டு என்பதற்கான சான்று அது. சென்னை, கோவை, ஒசூர், சேலம், திருச்சி ஆகிய நகரங்களை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் தமிழகத்துக்குக் கிடைத்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கப்பட்ட தொகை ரூ.6.81 லட்சம் கோடி.

ஆனால், படைபலத்தால் மட்டும் நிரப்ப முடியாத இடைவெளிகள் உள்ளன. தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கை வெளியிடப்பட்டது 2013-இல். பெட்டிக்கடைவரை கைப்பேசிவழிப் பணப் பரிமாற்றம் வந்துவிட்ட இன்றைய நாட்டை, அன்றைய ஆவணத்தைக் கொண்டு காக்க முடியாது. இணையத் தாக்குதல் நிகழ்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022-இல் செர்ட்-இன் உத்தரவிட்டது வரவேற்கத்தக்க நடவடிக்கை. எனினும், அது அரசுக்குத் தெரிவிக்கும் கடமையே தவிர, மக்களுக்குத் தெரிவிக்கும் கடமையன்று.

கூடங்குளம் கற்பிக்கும் முக்கியமான பாடம் இங்குதான் இருக்கிறது. பாதுகாப்பு விவகாரங்களில் எல்லாவற்றையும் பொதுவெளியில் வைக்க முடியாது என்பது உண்மையே. எந்தக் கணினியில் எந்த ஓட்டை என்று அறிவிப்பது எதிரிக்கு வழிகாட்டுவதாகும். ஆனால், இரகசியம் காப்பது வேறு, நடந்ததை இல்லை என்பது வேறு. முதல் நாள் மறுத்துவிட்டு மறுநாள் ஒப்புக்கொள்ளும்போது, அதற்கடுத்த நாள் சொல்லப்படும் உண்மையையும் மக்கள் ஐயத்துடனேயே கேட்பார்கள். 2025 மே மாத மோதலின்போது பழைய காணொலிகளும் பொய்த் தகவல்களும் வெள்ளமெனப் பரவின. வதந்தியே ஆயுதமாகிவிட்ட காலத்தில், அரசின் சொல்லுக்கு இருக்கும் நம்பகத்தன்மையும் ஒரு தற்காப்புக் கவசம். அதைச் சிதைத்துக்கொள்வது, நாமே நமது அரணில் துளையிடுவதற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முக்கியக் கட்டமைப்புகளில் ஊடுருவல் உறுதியானால், குறிப்பிட்ட காலத்துக்குள் சுருக்கமான, உண்மையான அறிவிப்பை வெளியிடுவதைச் சட்டபூர்வக் கடமையாக்கலாம். அணுமின் நிலையங்களோடு நின்றுவிடாமல் மாநகராட்சிகள், மின்வாரியம், அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றின் கணினி அமைப்புகளையும் ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்படுத்தலாம். குடிமைப் பாதுகாப்பு ஒத்திகையில் அபாயச் சங்கோடு, மின்சாரமும் இணையமும் இல்லாத ஒருநாளை எதிர்கொள்ளும் பயிற்சியையும் சேர்க்கலாம். அந்த ஒத்திகைக்குத் துறைமுக நகரம், உள்நாட்டு நகரம் என்ற வேறுபாடு தேவையில்லை.

வைகை அணையிலிருந்து மதுரைக்கு வரும் குடிநீரும், கே.கே. நகரின் தெருவிளக்கும், அங்குள்ள முதியவரின் ஓய்வூதியக் கணக்கும் இன்று ஏதோ ஒரு கணினியை நம்பியே இருக்கின்றன. வடக்கே பனிமலையில் நிற்கும் வீரர் காக்கும் எல்லை ஒன்று. நம் வீட்டுக்குள்ளும் அலுவலக மேசையிலும் ஓடும் எல்லை மற்றொன்று. முதலாவதைக் காக்கப் படை இருக்கிறது. இரண்டாவதைக் காக்க விழிப்பான நிர்வாகமும், உண்மையைச் சொல்லத் தயங்காத அரசும், அதை நம்பத் தயாராக இருக்கும் மக்களும் வேண்டும்.