லினக்ஸ் போனது, இடம் எங்கே?

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிய திட்டத்தில் மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருந்தன. லினக்ஸை அழித்த பின்னும் 'சி' பிரிவில் இடம் கூடவில்லையே என்கிறீர்களா? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையை இடித்துவிட்டால், அந்த மனை பக்கத்து ஆலைக்குச் சேர்ந்துவிடுமா? பதிவேட்டில் எல்லையை மாற்றியாக வேண்டும். வன்தட்டிலும் அப்படியே, இடம் 'ஒதுக்கப்படாதது' என்றே கிடக்கும். விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' கருவியால் 'சி'யை நீட்டலாம். காலியிடம் அதன் வலப்புறம் ஒட்டியிருந்தால்தான்!

அழிக்குமுன் ஒரு சொல். எந்த இயங்குதளம் வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்கும் 'கிரப்' நிரலின் பெரும்பகுதி லினக்ஸ் பிரிவிலேயே இருக்கிறது. அது போனால், பழைய கணினிகளில் விண்டோஸும் எழாது. ஆகவே கோப்புகளுக்குப் படியெடுத்து, விண்டோஸின் தொடக்க நிரலை மீட்டு, பிறகே பிரிவில் கைவையுங்கள்.